நாடாவிலிருந்து எண்ணுக்கு: இல்லக் கலைஞரும் பலதட ஒலிப்பதிவும்

முன்னுரை



மொழியியலைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் ஒலிப்பதிவுக் கருவிகளின் வரலாற்றைப் பேச வருவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். பேச்சொலியை ஆராய்வோர்க்கும் இசையை ஆள்வோர்க்கும் கருவி ஒன்றே என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்வியப்பு நீங்கும். களப்பணிக்குச் சென்ற மொழியியல் மாணவனின் தோளில் தொங்கியதும், தன் வீட்டு அறையில் பாட்டுக் கட்டிய இளைஞனின் மேசைமேல் இருந்ததும் கேசட் பதிவுக் கருவியே. பின்னர் இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நாடாவை விட்டுக் கணினிக்கு மாறினர். ஆகவே இவ்வரலாறு எங்களுக்கும் உரியது.

இப்பொழிவு மூன்று வினாக்களை எடுத்துக்கொள்கிறது. பெரிய நிலையங்களின் உடைமையாக இருந்த பலதடப் பதிவு, வீட்டில் இருந்தபடி இசை செய்வோரின் கைக்கு எவ்வாறு வந்தது? நாடா எண்ணாக மாறியபோது அவர்களின் வேலையில் மாறியது என்ன? அவ்வாறு பதிவானவற்றுள் எவை நாளைக்கு எஞ்சும்? இவற்றுள் மூன்றாம் வினாவே அவசரமானது. அதற்கு விடை காண முதல் இரண்டும் தேவை.

1. தடம் என்னும் சொல்

தமிழில் தடம் என்பது வழியையும் குறிக்கும். நடந்து சென்றவர் விட்டுச்சென்ற அடிச்சுவட்டையும் குறிக்கும். ஒலிப்பதிவுத் துறைக்கு இவ்விரு பொருளும் பொருந்துகின்றன. காந்தப் பூச்சுடைய நாடா ஒன்று பதிவு முனையின் மீது ஓடும்போது, ஒலியின் ஏற்ற இறக்கம் அப்பூச்சில் காந்தச் சுவடாகப் பதிகிறது. நாடாவின் அகலத்தை நீளவாக்கில் பல கீற்றுகளாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொரு கீற்றும் தனித்தனி வழியாகிறது. அதுவே தடம்.

ஒரு தடத்தில் மிருதங்கம், அடுத்ததில் வயலின், மூன்றாவதில் குரல் எனப் பிரித்துப் பதிவதால் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, பதிந்த பிறகும் ஒவ்வொன்றின் அளவையும் கூட்டிக் குறைத்துக் கலவை செய்யலாம். இரண்டாவது, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடி வாசிக்க வேண்டியதில்லை. ஒருவரே மாலையில் தாளத்தைப் பதிந்து, இரவில் அதைக் கேட்டபடியே இசைக்கருவியை வாசித்து, மறுநாள் பாடலாம். குழு அமைக்க வாய்ப்பில்லாத தனி இசைஞருக்கு இந்த இரண்டாவது நன்மையே பெரிது.

2. நாடாவின் பிறப்பு

டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமர் பவுல்சன் 1898ஆம் ஆண்டில் எஃகுக் கம்பியில் காந்த முறையால் ஒலியைப் பதியும் கருவியை உருவாக்கினார். 1928இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஃபுளோய்மர் காகித நாடாவின்மேல் காந்தத் துகளைப் பூசும் வழியைக் கண்டார். 1935இல் ஏஇஜி நிறுவனத்தின் மேக்னட்டோஃபோன் கருவி பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மக்கள் முன் வைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அமெரிக்கப் படைப்பிரிவைச் சேர்ந்த ஜாக் மல்லின் இரண்டு மேக்னட்டோஃபோன்களைத் தம் நாட்டுக்கு அனுப்பினார். பாடகர் பிங் கிராஸ்பி 1947 முதல் தம் வானொலி நிகழ்ச்சிகளை நாடாவில் பதிந்து ஒலிபரப்பினார். அடுத்த ஆண்டே ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் முதல் நாடாப் பதிவுக் கருவி விற்பனைக்கு வந்தது.

3. ஒருவரே பலராதல்

பலதடப் பதிவின் வரலாற்றில் முதலில் நிற்பவர் கிட்டார் இசைஞர் லெஸ் பால். அவர் பெரும்பாலும் தம் வீட்டிலும், பயணங்களில் தங்கிய விடுதி அறைகளிலுமே பதிந்தார். அவ்வகையில் அவர் இல்லக் கலைஞர்களின் முன்னோடியுமாவார். தொடக்கத்தில் இசைத்தட்டு வெட்டும் கருவியைக் கொண்டு, ஒரு தட்டை ஒலிக்கவிட்டு அதனுடன் வாசித்து இரண்டாம் தட்டில் பதிந்தார். 1949இல் ஆம்பெக்ஸ் கருவி ஒன்று கிடைத்ததும், அதில் கூடுதலாக ஒரு முனையைப் பொருத்தச் செய்தார். பழைய பதிவு அழிவதற்குச் சற்று முன் அம்முனை அதைப் படித்துக் கொடுக்கும். அதனுடன் புதிய வாசிப்பும் சேர்ந்து மீண்டும் அதே நாடாவில் பதியும்.

இம்முறையில் ஓர் இடர் இருந்தது. முந்தைய அடுக்கு அழிந்துதான் அடுத்த அடுக்கு பிறக்கும். பத்தாவது அடுக்கில் விரல் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த இடரை நீக்கும் பொருட்டே தடங்களைப் பிரிக்கும் எண்ணம் வலுப்பெற்றது. ஓர் அங்குல அகல நாடாவில் எட்டுத் தடங்களைக் கொண்ட கருவியை ஆம்பெக்ஸ் நிறுவனம் 1957இல் அவருக்கு அளித்தது. அதில் பதிவு முனையையே கேட்பதற்கும் பயன்படுத்தும் ஏற்பாடு இருந்தது. வழக்கமான கருவியில் கேட்கும் முனை, பதியும் முனைக்குச் சற்றுத் தள்ளி அமைந்திருக்கும். அந்த இடைவெளியால் புதிய தடம் பழைய தடத்துக்குப் பிந்திவிடும். ஒரே முனையில் கேட்டும் பதிந்தும் வந்தால் பிந்துதல் இல்லை. பலதடப் பதிவு முழுவதும் இந்தச் சிறிய ஏற்பாட்டின்மேல் நிற்கிறது.

எனினும் அத்தகைய கருவி எளியவர் கைக்கு எட்டக்கூடியதாக இல்லை. பெரிய நிலையங்களிலும் தடங்கள் மெல்லவே பெருகின. பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ இசைத்தொகுப்பு இலண்டன் இஎம்ஐ நிலையத்தின் நான்கு தடக் கருவிகளில் உருவானது என்பதை இங்கு நினைவில் கொள்ளலாம்.

4. நான்கு தடங்கள் வீட்டுக்கு வருதல்

1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் டீயாக் நிறுவனம், கால் அங்குல நாடாச் சுருளில் நான்கு தடங்களைப் பதியும் ஏ-3340 கருவியை விற்கத் தொடங்கியது. வசதி படைத்த இல்லக் கலைஞர்கள் அதை வாங்கினர். ஆயினும் கலவைப் பலகையைத் தனியே வாங்க வேண்டும்; நாடாச் சுருளும் விலை மிக்கது.

பெருந்திருப்பம் 1979இல் நிகழ்ந்தது. டீயாக்கின் துணை நிறுவனமான டாஸ்காம் வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ 144, கலவைப் பலகையையும் நான்கு தடப் பதிவையும் ஒரே பெட்டிக்குள் வைத்தது. அது பயன்படுத்தியது கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண கேசட். 1963இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட்டில் இயல்பாகவே நான்கு கீற்றுகள் உண்டு. ஒரு பக்கத்துக்கு இரண்டு, திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு. டாஸ்காம் பொறியாளர்கள் நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தினர். ஒலியின் தரம் உயர, நாடாவின் ஓட்டத்தை நொடிக்கு 4.76 சென்டிமீட்டரிலிருந்து இரு மடங்காக்கினர். இரைச்சலைக் குறைக்க டால்பி பி முறையைச் சேர்த்தனர்.

நான்கு தடங்கள் போதுமா என்னும் கேள்வி எழும். இங்குதான் இசைஞரின் திட்டமிடும் திறன் வேலை செய்தது. முதல் மூன்று தடங்களில் பதிந்தவற்றைக் கலந்து, அப்போதே நேரடியாக இன்னொன்றையும் வாசித்துச் சேர்த்து நான்காம் தடத்துக்கு மாற்றினால், அதில் நான்கு பகுதிகள் அடங்கும். காலியான தடங்களில் இரண்டைப் பதிந்து, நேரடியாக ஒன்றைச் சேர்த்து மூன்றாம் தடத்துக்கு மாற்றினால் அதில் மூன்று. அவ்வாறே இரண்டாம் தடத்தில் இரண்டு, முதல் தடத்தில் ஒன்று. ஆக நான்கு தடங்களில் பத்துப் பகுதிகள்.

இதற்குக் கொடுத்த விலை உண்டு. மாற்றும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடியது. மேல்தாயி ஒலிகளின் தெளிவு குறைந்தது. ஏட்டுச்சுவடி படியெடுத்தலை அறிந்த நமக்கு இது புதிதன்று. படிக்குப் படி பிழை சேரும். மூல ஏடு மறைந்தபின் திருத்த வழியில்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட நேர்ந்ததன் காரணமும் இதுவே. ஆனால் நான்கு தடக் கேசட்டில் ஒப்பிட வேறு ஏடு இல்லை. கலந்தது கலந்ததே.

இத்தகைய எளிய கருவியில் எத்தகைய படைப்பு பிறக்கக்கூடும் என்பதற்குப் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ சான்று. 1982இன் தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் தம் வீட்டில் போர்ட்டாஸ்டூடியோ 144இல் அவர் பாடல்களை முன்மாதிரியாகப் பதிந்தார். பின்னர்க் குழுவினருடன் நிலையத்தில் அவற்றை மீண்டும் பதிய முயன்றனர். வீட்டுப் பதிவில் இருந்த உயிர் அதில் வரவில்லை எனக் கருதி, அந்தக் கேசட்டையே இசைத்தொகுப்பாக அவ்வாண்டே வெளியிட்டனர். ‘வீட்டில் பதிந்தது’ என்பது குறையைச் சுட்டும் சொல்லாக இருந்த நிலை அதன்பின் மாறத் தொடங்கியது.

5. தொடர்ச்சியும் துணுக்கும்

இனி மின்னிலக்க முறைக்கு வருவோம். ஆசிரியர்கள் வகுப்பில் இதனை விளக்கத் தொல்காப்பியம் துணைபுரியும். பேச்சு இடையறாது ஓடும் ஒலி. ஆயினும் இலக்கணம் அதை அளக்கக் கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் மாத்திரை என வகுத்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஓடும் ஒன்றைக் கூறிட்டு எண்ணால் குறிக்கும் அந்த எண்ணமே மின்னிலக்கப் பதிவின் அடிப்படையும் ஆகும். வேறுபாடு அளவில் உள்ளது. குறுவட்டுத் தரத்தில் ஒரு நொடி 44,100 கூறுகளாக்கப்படுகிறது. ஒவ்வொரு கூற்றிலும் ஒலியலையின் உயரம் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இதனையே 16 பிட் என்கிறோம்.

44,100 என்னும் எண் எங்கிருந்து வந்தது? மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வெண் வரை கேட்கும். அதைக் குறிக்க அதன் இரு மடங்குக்கு மேற்பட்ட கூறுகள் தேவை என்பது கணிதத்தின் முடிவு. ஆகவே 40,000க்கு மேல் வேண்டும். மீதியை நிர்ணயித்தது ஒளிநாடா. அக்காலத்தில் இவ்வளவு எண்களை ஏற்கக்கூடிய மலிவான ஊடகம் ஒளிநாடாவே. தொலைக்காட்சிப் படத்தின் ஒரு வரியில் மூன்று கூறுகள், ஒரு புலத்தில் 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள் என வைத்துப் பெருக்கினால் 44,100 வரும். நாடாவை வெளியேற்றிய குறுவட்டின் அடிப்படை எண்ணையே நாடாதான் தந்தது.

சொல்லாக்கத்தையும் ஒரு கணம் நோக்குவோம். ஆங்கிலச் சொல்லின் வேராகிய இலத்தீன் ‘டிஜிட்டஸ்’ விரலைக் குறிக்கும். விரல் விட்டு எண்ணியதால் அது எண்ணுக்கும் ஆயிற்று. சிங்கப்பூரில் நாம் மின்னிலக்கம் என்கிறோம். தமிழகத்தில் எண்ணியல், இலக்கமுறை என்பன வழங்குகின்றன. இலங்கையில் எண்ணிமம் வேரூன்றியுள்ளது. எல்லாவற்றிலும் எண்ணோ இலக்கமோ நிற்பது பொருளைச் சரியாகவே காட்டுகிறது.

6. நாடாவில் எழுதிய எண்கள்

மின்னிலக்கம் வந்ததும் நாடா போய்விட்டது என்று எண்ணுவது பொருந்தாது. இடையில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இரண்டும் கூடி வாழ்ந்தன. காரணம் எளிய கணக்கு. 16 பிட், 44,100 தரத்தில் ஒரு தடம் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.3 மெகாபைட் இடம் கேட்கும். எட்டுத் தடங்களுக்கு 42. நான்கு நிமிடப் பாடலுக்கு 170 மெகாபைட். 1990களின் தொடக்கத்தில் வீட்டுக் கணினியின் வட்டில் இத்தகைய பாடல்கள் ஓரிரண்டு அடங்கினாலே அரிது.

இந்நிலையில் அலெசிஸ் நிறுவனம் 1991இல் அறிவித்து 1992இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஏடாட் கருவி, ஒளிநாடாக் கேசட்டையே ஊடகமாகக் கொண்டது. ஒரு எஸ்-விஎச்எஸ் கேசட்டில் எட்டுத் தடங்கள் ஏறத்தாழ 40 நிமிடங்கள் பதியும். கணக்கிட்டால் அது 1.8 ஜிகாபைட்டுக்கு மேல். விலை 4,000 அமெரிக்க டாலருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கருவியுடன் மற்றொன்றை இணைத்துத் தடங்களை 16, 24 எனப் பெருக்கவும் இயன்றது, எல்லை 128. பெரிய நிலையங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த மின்னிலக்கப் பலதடப் பதிவு வீட்டின் பின்னறைக்கு வந்தது இவ்வாறே. 1993இல் டாஸ்காம் நிறுவனமும் ஹை-8 ஒளிநாடாவைக் கொண்டு டிஏ-88 கருவியை வெளியிட்டது.

இதே காலத்தில் தமிழ்த் திரையிசையிலும் வீட்டு நிலையம் தன் ஆற்றலைக் காட்டியது. ஏ.ஆர்.ரகுமான் 1980களின் இறுதியில் சென்னையில் தம் வீட்டை ஒட்டி அமைத்த பதிவு நிலையத்திலிருந்தே 1992இல் ‘ரோஜா’ படத்தின் இசை வெளிவந்தது. பெருங்குழுவை ஒரே கூடத்தில் அமர்த்திப் பதியும் பழைய ஒழுங்குக்கு மாறாக, தடம் தடமாகக் கட்டியெழுப்பும் முறை திரையிசையில் மேலோங்கியதை அதன்பின் கண்டோம்.

7. நாடா விலகுதல்

வட்டின் கொள்ளளவு பெருகப் பெருக நாடாவின் தேவை குறைந்தது. டிஜிடிசைன் நிறுவனத்தின் புரோ டூல்ஸ் 1991இல் நான்கு தடங்களுடன் மெக்கின்டாஷ் கணினியில் தொடங்கியது. தனி வன்பொருள் அட்டை அதற்கு வேண்டியிருந்தது. 1996இல் இரண்டு வழிகள் திறந்தன. ரோலண்ட் நிறுவனத்தின் விஎஸ்-880 கலவைப் பலகையையும் வன்வட்டையும் ஒரே பெட்டியில் வைத்தது. போர்ட்டாஸ்டூடியோவின் மின்னிலக்க வாரிசு எனலாம். ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் கியூபேஸ் விஎஸ்டி, தனி அட்டையின்றிக் கணினியின் செயலியைக் கொண்டே கலவையும் எதிரொலி முதலிய விளைவுகளும் செய்தது. 2000இல் இலவச மென்பொருளாக ஒடாசிட்டி வந்தது. 2004இல் ஆப்பிள் நிறுவனம் கராஜ்பேண்டைப் புதிய கணினிகளுடன் சேர்த்தே கொடுத்தது. இன்று மாணவரின் கைப்பேசியில் இருக்கும் தடங்கள் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ பதிவான கருவியினும் பல.

8. பெற்றதும் இழந்ததும்

பெற்றவை தெளிவானவை. படிக்குப் படி தேய்தல் நின்றது. நூறாவது படியும் முதல் படியும் ஒன்றே. வெட்டி ஒட்டவும், செய்ததை நீக்கி முன்னிலைக்கு மீளவும் முடிந்தது. ஒலி கண்ணுக்கும் தெரிந்தது. அலைவடிவத்தைத் திரையில் கண்டு திருத்தும் பழக்கம் இசைஞரிடமும், ஒலியியல் பயிலும் மாணவரிடமும் ஒருங்கே ஏற்பட்டது.

இழந்தவற்றுள் நாடாவின் ‘இதமான ஒலி’யைப் பலர் முதலில் சொல்வர். நான் அதைவிட முதன்மையாகக் கருதுவது முடிவெடுக்கும் பயிற்சியை. நான்கு தடங்கள் மட்டுமே உடையவர், மூன்றைக் கலந்து ஒன்றாக்கும் முன் ‘இதுவே என் முடிவு’ என்று துணிய வேண்டியிருந்தது. எல்லையற்ற தடங்கள் உடையவர் எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஆகவே எதையும் முடிக்க வேண்டியதுமில்லை. யாப்பின் கட்டு வெண்பாவுக்குத் தடையாகவும் துணையாகவும் இருப்பது போன்றதே இது. ஆகவே பள்ளியில் இசைப்பதிவு கற்பிக்கும் ஆசிரியர்கள், தொடக்கத்தில் மாணவர்க்கு நான்கு தடங்களே உண்டு என விதித்துப் பார்க்கலாம். மென்பொருள் எவ்வளவு கொடுத்தாலும், எடுத்துக்கொள்ளும் அளவை நாமே வகுக்கலாம்.

9. எஞ்சுவது எது?

இப்போது மூன்றாம் வினா. சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டது 1979இல். போர்ட்டாஸ்டூடியோ வெளிவந்த அதே ஆண்டு. நிறுவனங்கள் பதிந்த குரல்களைக் காக்க நிறுவனங்கள் உள்ளன. வீடுகளில் பதிந்தவற்றைக் காப்பவர் யார்? சிங்கையிலும் மலேசியாவிலும் நம் வீட்டு அலமாரிகளில் உள்ள கேசட்டுகளில், தாமே எழுதிப் பாடிய இளைஞரின் குரலும், மறைந்த பெற்றோரின் குரலும் உண்டு. நம் நாடுகளின் வெப்பமும் ஈரமும் நாடாவுக்குப் பகை. பூஞ்சை படியும். 1970, 80களில் உற்பத்தியான சில நாடாச் சுருள்களில், துகளைப் பிணைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் பூச்சே உரிந்து வரும்.

நான்கு தடக் கேசட்டுக்கு மற்றுமோர் இடர் உண்டு. அதைச் சாதாரணக் கருவியில் போட்டால் பாதி வேகத்தில், இரண்டு தடங்கள் மட்டும் கேட்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னிருந்து முன்னாக ஒலிக்கும். பிள்ளைகள் அதைக் கேட்டுக் ‘கெட்டுப்போன கேசட்’ என்று எறிந்துவிடக்கூடும். உண்மையில் அது நலமாக இருக்கலாம்; அதற்குரிய கருவிதான் இல்லை.

மின்னிலக்கப் பதிவுகள் பாதுகாப்பானவை என்று நினைக்கவும் இடமில்லை. பழைய நாடா பழுதுபட்டால் இரைச்சலோடாவது பேசும். ஏடாட் கேசட்டில் பிழை ஓர் எல்லைவரை திருத்தப்படும்; எல்லையைக் கடந்தால் ஒலி அறுந்து போகும். கணினிக் கோப்போ, அதை உருவாக்கிய மென்பொருள் வழக்கொழிந்தால் திறக்காது. அவ்வகையில் இருபதாண்டுக்கு முந்தைய கணினிப் பதிவு, நாற்பதாண்டுக்கு முந்தைய கேசட்டைக் காட்டிலும் எளிதில் ஊமையாகும்.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. முதலில் கேசட்டின் விளிம்பிலுள்ள சிறு தாழ்களை உடைத்து, தவறி அழியாமல் காக்க வேண்டும். பூஞ்சையோ பிசுபிசுப்போ கண்டால் ஓட்டாமல் வல்லுநரிடம் கொடுக்க வேண்டும். பதிந்த கருவி இன்னும் இயங்குமானால் அதிலேயே ஒலிக்கவிட்டு, நான்கு தடங்களையும் தனித்தனியே ஒரே நேரத்தில் கணினியில் பதிய வேண்டும். கணினியில் உருவான பாடல்களுக்கு, ஒவ்வொரு தடத்தையும் பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே தனி வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்தால், எந்த மென்பொருளிலும் அவற்றை வரிசைப்படுத்தலாம். மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒரு படி வேறிடத்தில் என்பது காப்பகத்தாரின் நல்வழக்கு. யார் பாடினார், எங்கு, எப்போது, எந்த மொழிநடையில் என்னும் குறிப்பை உடன் எழுதிவைப்பதும் இன்றியமையாதது. குறிப்பில்லாத குரல் ஆய்வாளனுக்குப் பாதியளவே பயன்படும்.

முடிவுரை

ஓலைச்சுவடி நெடுங்காலம் கிடந்து வாழ்வதன்று. ஏடு நைவதற்குள் ஒருவர் அமர்ந்து புதிய ஏட்டில் படியெடுத்ததால்தான் சங்க நூல்கள் நம் கைக்கு வந்தன. படியெடுக்க ஆளில்லாத நூல்கள் பெயர் மட்டும் எஞ்சி மறைந்தன. மின்னிலக்கக் கோப்பின் இயல்பும் அதுவே. அது தேயாமல் படியெடுக்கப்படும் என்பது அதன் சிறப்பு; படியெடுக்கப்படாவிட்டால் மறையும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே நாடாவிலிருந்து எண்ணுக்கு மாறுதல் ஒருமுறை செய்து முடிக்கும் பணி அன்று. ஒவ்வொரு தலைமுறையும் அடுத்ததற்குச் செய்யவேண்டிய கடமை.

நாடாவை ஓட்டும் கருவிகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகின்றனர். வரும் விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள ஒரே ஒரு கேசட்டைத் தேடி எடுத்து, அதில் இருப்பது யார் குரல் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிவரட்டும். பதிவை மாற்றும் வேலையை ஆசிரியர்கள் பின்னர் மேற்கொள்ளலாம். குரலுக்கு உரியவரை அடையாளம் காட்டக்கூடியவர்கள் இருக்கும்போதே அந்தக் குறிப்பு எழுதப்பட்டுவிட வேண்டும்.